சுட்டி பிறந்த கதை

நுழையும்முன்

கணினியின் ஆற்றலைப் பேசும்போது அதன் வேகத்தையும் நினைவகத்தையும் முதலில் எண்ணுகிறோம். அந்த ஆற்றலை மனிதனின் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த சிறு கருவிகளை எளிதில் மறந்துவிடுகிறோம். விசைப்பலகை, சுட்டி, திரை ஆகியவை இல்லையெனில் கணினி பூட்டிய அறையில் இயங்கும் பொறியாகவே இருந்திருக்கும். அவற்றுள் சுட்டியின் வரலாறு தனிச்சுவை உடையது. அதைப் படைத்தவர் விரும்பியது ஒன்று. உலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மற்றொன்று. அவ்விரண்டுக்கும் இடையே எழுந்த கேள்வி தமிழ் விசைப்பலகை வரையிலும் தொடர்ந்து வந்திருக்கிறது.

அட்டையின் காலம்

1950களில் கணினியைப் பயன்படுத்திய அறிஞர்களுள் பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை. தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளாக மாற்றிக் கட்டாகக் கட்டி, கணினி அறையின் பணியாளரிடம் ஒப்படைப்பர். அவர் வரிசைப்படி அவற்றைப் பொறிக்குள் செலுத்துவார். விடை சில மணிநேரம் கழித்தோ மறுநாளோ தாளில் அச்சாகி வரும். ஓர் அட்டையில் ஒரு துளை பிறழ்ந்திருந்தால் பிழை என்னும் செய்தி மட்டுமே கிடைக்கும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வி கேட்பவனுக்கும் விடை தரும் பொறிக்கும் நடுவே ஒரு சுவரும் ஓர் இரவும் இருந்தன எனலாம்.

கணினி நேரம் விலை மிகுந்தது, மனித நேரம் மலிவானது என்னும் கணக்கே இந்த ஏற்பாட்டிற்கு அடிப்படை. மனிதன் சிந்தித்துக்கொண்டிருக்கும்போது பொறி காத்திருப்பது வீண்செலவு என்று அக்காலத்தார் கருதினர். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்ட எண்ணியவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்.

ரேடார் திரையிலிருந்து ஒரு கனவு

எங்கல்பார்ட் 1925ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் கடற்படையில் ரேடார் தொழில்நுட்பராகப் பயிற்சி பெற்றுப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கு லேத்தே தீவில், செஞ்சிலுவைச் சங்கத்தினர் ஒரு குடிலில் அமைத்திருந்த சிறு நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படித்தார். வன்னேவர் புஷ் என்னும் அறிவியலாளர் 1945இல் எழுதியது அது. மனிதகுலம் திரட்டிய அறிவு மலைபோல் குவிந்து கிடக்கிறது, அதில் வேண்டியதைத் தேடி எடுக்கும் வழியோ மிகப் பழையதாகவே இருக்கிறது என்பது அக்கட்டுரையின் கவலை. மேசையளவிலான ஒரு பொறியில் நூல்களையும் குறிப்புகளையும் சேமித்து, ஒன்றோடொன்று இணைத்து, நினைத்தபோது திரையில் காணலாம் என்று அதில் புஷ் கற்பனை செய்திருந்தார்.

படித்ததை எங்கல்பார்ட் உடனே செயலாக்கிவிடவில்லை. ஊர் திரும்பிப் படிப்பை முடித்து, கலிபோர்னியாவில் வானூர்தி ஆய்வுக்கூடம் ஒன்றில் மின்பொறியாளராகச் சேர்ந்தார். 1950இன் இறுதியில் திருமணம் நிச்சயமான நாள்களில், இனி வாழ்வில் அடைய வேண்டியது என்ன என்னும் வினா அவரை வாட்டியது. உலகின் சிக்கல்கள் நாளுக்குநாள் பெருகுகின்றன. அவற்றை எதிர்கொள்ளும் மனிதரின் கூட்டுச் சிந்தனைத் திறன் அதே அளவில் வளரவில்லை. அந்தத் திறனை வளர்ப்பதே தம் பணி என்று அவர் முடிவு செய்தார். அப்போது அவர் மனக்கண்ணில் தோன்றியது ரேடார் திரை. ரேடார் தரும் தகவலைத் திரையில் ஒளிப்புள்ளியாகக் காட்ட முடியுமெனில், கணினி தரும் தகவலையும் எழுத்தாகவும் கோடாகவும் காட்ட முடியும். திரையின்முன் அமர்ந்து மனிதர் கணினியோடு நேரடியாகப் பணியாற்ற முடியும்.

அமெரிக்காவில் அப்போது கணினிகளே விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்தன. கனவு கண்டவர் அதுவரை ஒரு கணினியையும் இயக்கியதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எது சிறந்த கை?

1955இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற எங்கல்பார்ட், 1957இல் மென்லோ பார்க் நகரிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். மனித அறிவாற்றலை மேம்படுத்துவது பற்றிய தம் கருத்துகளை 1962இல் நீண்ட அறிக்கையாக எழுதினார். அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆய்வு முகமையும் நாசாவும் பொருளுதவி செய்தன.

திரை கிடைத்துவிட்டது. ஆனால், திரையில் உள்ள ஒரு சொல்லை ‘இதுதான்’ என்று கணினிக்குக் காட்டுவது எப்படி? ஒருவர் மற்றொருவருக்கு ஒன்றைக் காட்ட விரலை நீட்டினால் போதும். பொறிக்கோ அந்த விரலைக் காணக் கண் இல்லை. அக்காலத்தில் சில வழிகள் வழக்கிலிருந்தன. ஒளிப்பேனா அவற்றுள் முதன்மையானது. பேனாவின் முனையைத் திரைமேல் வைத்தால், அந்த இடத்தில் ஒளி தோன்றும் கணத்தை அது உணர்ந்து கணினிக்குத் தெரிவிக்கும். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆய்வு மாணவர் ஒளிப்பேனாவால் திரையில் வரைபடங்கள் வரைந்து உலகை வியக்கச் செய்தார். எனினும் கையை அந்தரத்தில் தூக்கியபடி நெடுநேரம் பணியாற்றினால் தோள் வலிக்கும். கரும்பலகையில் தொடர்ந்து எழுதும் ஆசிரியர்கள் இதை நன்கறிவார்கள்.

கப்பற்படையினரோ உருளும் பந்தை நாடினர். பிரிட்டனில் ரால்ப் பெஞ்சமின் 1946இல் அத்தகைய கருவியை உருவாக்கினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கனடாக் கடற்படைக்காக அமைக்கப்பட்ட மற்றொரு கருவியில், ‘பௌலிங்’ விளையாட்டுக்குரிய பந்தே உருண்டையாகப் பயன்பட்டது! இவையெல்லாம் போர்ப்பணியின் மறைபொருள்களாக இருந்ததால் வெளியுலகம் அறியவில்லை.

எங்கல்பார்ட்டின் எண்ணம் வேறொரு திசையில் சென்றது. நிலப்படத்தில் ஒழுங்கற்ற வடிவத்தின் பரப்பளவைக் கணக்கிடப் பொறியாளர்கள் பரப்புமானி என்னும் கருவியைப் பயன்படுத்துவர். அதன் சிறு சக்கரம், தான் உருளும் திசையிலான நகர்வை மட்டும் அளக்கும். பக்கவாட்டில் இழுத்தால் உருளாமல் வழுக்கும். 1960களின் தொடக்கத்தில், ஒரு கருத்தரங்கில் சலிப்புடன் அமர்ந்திருந்தபோது எங்கல்பார்ட் இதைத் தம் குறிப்பேட்டில் வரைந்து பார்த்தார். இரு சக்கரங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால் ஒன்று இட வல நகர்வையும், மற்றொன்று முன் பின் நகர்வையும் தனித்தனியே அளக்குமன்றோ? சலிப்பூட்டிய அந்தச் சொற்பொழிவுக்கும் உலகம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் குறிப்பை 1964இல் பொருளாக்கியவர் அவருடைய குழுவின் முதன்மைப் பொறியாளர் பில் இங்கிலிஷ். உள்ளங்கையில் அடங்கும் மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரு உலோகச் சக்கரங்களையும் மேலே ஒரே ஒரு பொத்தானையும் பொருத்தினார். சக்கரம் சுழலும்போது மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கணினி எண்ணாக்கித் திரையில் சுட்டுக்குறியை நகர்த்தும். கம்பி முதலில் மணிக்கட்டுப் பக்கமாக வெளிவந்தது. அது கையில் சிக்கியதால் பிறகு முன்பக்கம் மாற்றப்பட்டது. சிறிய உடலும் நீண்ட வாலுமாக இருந்ததைக் கண்டு யாரோ ‘எலி’ என்று அழைக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது. முதலில் அழைத்தவர் யார் என்பது அக்குழுவினருக்கே நினைவில்லை.

இங்கே எங்கல்பார்ட்டின் நேர்மையைக் குறிப்பிட வேண்டும். தம் கருவியே சிறந்தது என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. ஒளிப்பேனா, இயக்குபிடி, மேசைக்கு அடியிலிருந்து முழங்காலால் இயக்கும் ஒரு கருவி ஆகியவற்றோடு மரக்கட்டையையும் சேர்த்துச் சோதனை நடத்தினார். விசையிலிருந்து கையை எடுத்துக் கருவியைப் பற்றவும், திரையில் குறித்த சொல்லை அடையவும் ஆகும் நேரமும் நிகழும் பிழையும் அளக்கப்பட்டன. பழக்கமுள்ளவர்களின் கையில் மரக்கட்டையே விரைவாகவும் பிழை குறைவாகவும் பணியாற்றியது. நாற்காலியில் அமர்ந்து கையை மேசைமீது ஊன்றியபடி இயக்கலாம். கையை விலக்கினால் வைத்த இடத்திலேயே நிற்கும். அதன் வெற்றிக்கு இந்த எளிய இயல்புகளே காரணம்.

தெரிந்து தெளிவோம்

‘எலி’ என்னும் பொருளுடைய சொல்லையே உலக மொழிகள் பல இக்கருவிக்கு வழங்குகின்றன. தமிழோ அதன் வடிவத்தை விட்டுத் தொழிலைப் பற்றிக்கொண்டு ‘சுட்டி’ என்றது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைக் கற்ற மாணவருக்கு இப்பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

தொண்ணூறு நிமிடங்கள்

1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற கணினி மாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் வல்லுநர்கள் கூடியிருந்தனர். மேடையில் எங்கல்பார்ட் காதில் ஒலிவாங்கிக் கருவியுடன் அமர்ந்திருந்தார். அவருடைய கணினி அங்கே இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை இணைப்பின் வழியே திரைக்காட்சி அரங்குக்கு வந்தது. அவருக்குப் பின்னால் பெருந்திரையில் அவர் முகமும் கணினித் திரையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றின.

அவர் தொடங்கியது மிகச் சாதாரணமான ஒன்றிலிருந்து: கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல். சொற்களைத் திரையில் எழுதினார், அழித்தார், இடம் மாற்றினார், பட்டியலை வகைப்படுத்தினார். ஒரு சொல்லைச் சுட்டியதும் அதனோடு இணைந்த வேறொரு பக்கம் விரிந்தது. பின்னர் மென்லோ பார்க்கிலிருந்த உடன்பணியாளர் திரையின் ஒரு மூலையில் தோன்றினார். இருவரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் பணியாற்றினர். சொற்செயலி, மீயிணைப்பு, காணொளிக் கலந்துரையாடல் ஆகியவற்றை அந்த அவை ஒரே அமர்வில் கண்டது. அவற்றுள் பல பொதுமக்களின் கைக்கு வர மேலும் 20, 30 ஆண்டுகள் ஆயின.

அன்று ஒரு கம்பி அறுந்திருந்தாலும் ஆய்வுத் திட்டமே கேள்விக்குறியாகியிருக்கும். அத்தனை இணைப்புகளையும் இயக்கியவர் பில் இங்கிலிஷ். தொண்ணூறு நிமிடங்கள் முடிந்ததும் அவையினர் எழுந்து நின்று கைதட்டினர்.

கைவிடப்பட்ட ஐந்து விசைகள்

அன்று எங்கல்பார்ட்டின் வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையில் இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. இசைக்கருவியின் கட்டைகளைப் போன்ற ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை அது. ஒரு விசையைத் தனித்தோ, பலவற்றைச் சேர்த்தோ அழுத்தினால் 31 வெவ்வேறு குறிகள் பிறக்கும். அவற்றால் ஆங்கில எழுத்துகள் 26ஐயும் எழுதிவிடலாம். இடக்கை எழுத, வலக்கை சுட்ட, கண்கள் திரையை விட்டு அகல வேண்டியதே இல்லை. அவருடைய எண்ணத்தில் சுட்டியும் ஐவிசைப் பலகையும் இணைபிரியா இரட்டையர்.

உலகம் சுட்டியை ஏற்றது. ஐவிசைப் பலகையை ஒதுக்கியது. சுட்டியைச் சில நிமிடங்களில் பழகிவிடலாம். ஐவிசையைக் கற்க நாள்கள் வேண்டும். பயிற்சியின்றி எவரும் இயக்கத்தக்கதே நல்ல கருவி என்று வணிக உலகம் கருதியது. எங்கல்பார்ட் இதை ஏற்கவில்லை. மூன்று சக்கர வண்டியை ஓட்டக் குழந்தைக்குப் பயிற்சி வேண்டாம். மிதிவண்டிக்குப் பயிற்சி வேண்டும். அதற்காக யாரும் வாழ்நாள் முழுவதும் மூன்று சக்கர வண்டியிலேயே செல்வதில்லையே என்பது அவருடைய வாதம்.

அவர் வாதம் முற்றிலும் சரியென்று கூறிவிட முடியாது. கணினி அறிவியலாளரின் மேசையோடு நின்றுவிடாமல் கடைக்காரரிடமும் பள்ளிச் சிறாரிடமும் சென்று சேர்ந்ததற்கு எளிமையே காரணம். ஆயினும் எளிமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதால் இழந்தவையும் உண்டு. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே முறை.

1970களில் அவருடைய குழுவினர் பலர், பாலோ ஆல்டோவில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஜெராக்ஸ் ஆய்வு மையத்துக்குச் சென்றுவிட்டனர்; பில் இங்கிலிஷும் அவர்களுள் ஒருவர். பொருளுதவி குறைந்தது. 1970களின் இறுதிக்குள் ஆய்வகமே மற்றொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. சுட்டிக்கான காப்புரிமை 1970 நவம்பர் 17 அன்று வழங்கப்பட்டது. அதன் உரிமை நிறுவனத்தைச் சார்ந்தது என்பதால் எங்கல்பார்ட்டுக்கு உரிமத்தொகை கிடைக்கவில்லை. 1987இல் காப்புரிமைக் காலமும் முடிந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் சுட்டி நுழைந்தது அதற்குப் பின்னரே. 1997இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 2013 ஜூலை 2 அன்று மறைந்தார்.

உருண்டையும் ஒளியும்

ஜெராக்ஸ் மையத்தில் பில் இங்கிலிஷ் இரு சக்கரங்களுக்குப் பதிலாக ஓர் உருண்டையைப் பொருத்தினார். ஜெர்மனியில் டெலிபுங்கன் நிறுவனம் 1968லேயே உருண்டை கொண்ட சுட்டியை உருவாக்கியிருந்தது. ஒரே கருத்து இரு நாடுகளில் தனித்தனியே முளைப்பது அறிவியல் வரலாற்றில் புதுமையன்று. ஜெராக்ஸின் ‘ஆல்டோ’ கணினி 1973இல் பிறந்தது. அதன் திரை தாளைப்போல உயரம் மிகுந்தது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஒளிரச் செய்யவல்லது. எழுத்துக்கு மட்டுமன்றிப் படத்துக்கும் இடம் தரும் திரை வந்த பிறகே, சுட்டிக்குச் சுட்டுவதற்கு நிறையப் பொருள்கள் கிடைத்தன.

1979இல் அம்மையத்தைப் பார்வையிட்ட ஸ்டீவ் ஜாப்ஸ் சுட்டியின் பயனை உடனே உணர்ந்தார். ஆனால், அங்கிருந்த சுட்டி பல நூறு டாலர் விலையுடையது, எளிதில் பழுதாவது. அதைச் சில டாலர்களில் செய்து தருமாறு டீன் ஹோவி என்னும் இளம் வடிவமைப்பாளரிடம் கேட்டார். ஹோவி கடைக்குச் சென்று, நறுமணப்பூச்சுக் குப்பியின் உருளும் பந்தையும் வெண்ணெய் வைக்கும் சிறு தட்டையும் வாங்கிவந்து முதல் மாதிரியைச் செய்தார். 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினி சுட்டியைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுசென்றது.

உருண்டைச் சுட்டிக்குத் தூசியே பகை. நம் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களில் சுட்டியைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையை எடுத்துத் துடைத்த தலைமுறை இன்னும் அதை மறந்திருக்காது. ஒளியியல் சுட்டி அந்த வேலையை ஒழித்தது. அதன் அடியில் சிறு விளக்கும் நுண்ணிய படக்கருவியும் உள்ளன. மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஒளிச்சுட்டிகளுக்குக் கோடுகள் அல்லது புள்ளிகள் அச்சிட்ட தனிப்பலகை தேவைப்பட்டது. 1999இல் விற்பனைக்கு வந்தவை எந்த மேசையிலும் இயங்கின. தெளிந்த கண்ணாடிமீது மட்டும் பெரும்பாலானவை தடுமாறும். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு கீறலும் இல்லை என்பதே காரணம்.

விசையும் தமிழும்

கற்க எளியதா, கற்றபின் வலியதா என்னும் எங்கல்பார்ட்டின் கேள்வி விசைப்பலகைக்கும் உரியது. இன்றைய ஆங்கில விசை வரிசை, 1870களில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1936இல் காப்புரிமை பெற்ற த்வோராக் வரிசை விரல்களுக்கு உகந்ததென வாதிக்கப்பட்டும், பழகிய வரிசையை உலகம் கைவிடவில்லை.

தமிழுக்குச் சிக்கல் வேறு வகையானது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் பணியாற்றிய ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். புள்ளியையும் சில குறிகளையும் நகரா விசைகளில் வைத்தார். அவற்றை அழுத்தினால் தாள் நகராது; அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் பதிந்து குறியோடு சேரும். அவருடைய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது.

தட்டச்சுப் பொறி எழுத்தின் வரிவடிவத்தைப் பின்பற்றியது. ‘கொ’ என்று எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள் வேண்டும். கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வடிவத்தைச் சேர்த்துத் தருவது அதன் வேலை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான ‘தமிழ்99’ விசைப்பலகை இதைப் பயன்படுத்திக்கொண்டது. க, ஒ என்னும் இரு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் ‘கொ’ பிறக்கும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று இலக்கணம் கூறும் முறையே இங்கு விசை முறையாகியது. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அவ்வாறே. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்களே போதும்.

எழுத்துகளின் இடமும் எண்ணி வைக்கப்பட்டதே. உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடக்கையின் மூன்று விரல்களுக்கு அ, இ, உ, சுட்டுவிரலுக்குப் புள்ளி. வலக்கைக்குக் க, ப, ம, த, ந, ய. குறில்கள் மூன்றுக்கும் நேர் மேலே அவற்றின் நெடில்கள்.

இவ்வளவு சீரான அமைப்பைக் கற்கச் சில நாள் பயிற்சி வேண்டும். அந்தச் சில நாள்களைத் தயங்குவோர், ஆங்கில எழுத்துகளால் தமிழொலியைத் தட்டி, அது தமிழாக மாறுவதைப் பார்த்திருக்கின்றனர். ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு அவர்கள் நான்கோ ஐந்தோ ஆங்கில எழுத்துகளை மனத்தில் கூட்டுகின்றனர். தமிழ்99இல் பழகிய விரல் அகரத்திலேயே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழ்99 முறையில் எழுத எத்தனை தட்டல்கள் தேவை, ஆங்கில எழுத்து வழியாக எழுத எத்தனை தேவை எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ‘பயிற்சியின்றி இயக்கத்தக்கதே சிறந்த கருவி’ என்னும் தலைப்பில் வகுப்பில் ஒட்டியும் வெட்டியும் உரையாடுக.

3. சுட்டி, விசை, திரை, பலகை ஆகிய சொற்கள் கணினிக்கு முன் தமிழில் எப்பொருள்களில் வழங்கின என்பதை அகராதியைக் கொண்டு அறிந்து எழுதுக.